நடந்துகொண்டே சமைத்த சாப்பாடு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடி உட்கார்ந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் வயிற்றில் வந்துதான் நிற்கிறது. கத்தரிக்காய் எனக்குச் சேர்வதில்லை என்கிறார் ஒருவர். ராத்திரிச் சோற்றை விட்டு மூன்று வருஷமாச்சு என்கிறார் இன்னொருவர். போன மாதம் அப்படி ஒரு பேச்சில், நீங்கள் ஏன் வெண்டைக்காயைத் தொடுவதே இல்லை என்று என்னைக் கேட்டார்கள். வழவழப்பு பிடிக்காது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். முப்பது வருஷத்துக்கு மேலாக எல்லோரிடமும் இதே பொய்தான். கேட்டவர்களோ பசியும் பஞ்சமும் பார்த்தவர்கள். அவர்களிடமாவது சொல்லியிருக்கலாமே என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. நேரில் சொல்ல வாய் வராது. எழுதிவிடுகிறேன்.

ரங்கூனில் குண்டு விழுந்ததே, அதற்கு அடுத்து வந்த ஆனி மாதம். எனக்கு வயது பத்து. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டை விட்டு அரை மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். வீட்டில் அம்மா, அத்தை, நான் என்று மூன்று பொம்பளைகள்தான். அத்தை என் அய்யாவுக்கு மூத்தவள். பதினெட்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். தாயில்லாத தம்பியை அவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்திருக்கிறாள்.

அய்யா ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது கப்பலேறியவர். முகம் எனக்கு நினைவில் இல்லை. ஊர்க்காரர் ஒருவர் மூலம் ஒரு தரம் எனக்கு அரக்குப் பெட்டி ஒன்று கொடுத்தனுப்பினார். கறுப்பும் சிவப்புமாக, மூடியில் யானை வரைந்திருக்கும். திறந்தால் ஒரு மாதிரி எண்ணெய் வாசம் வரும். என்னைப் பொறுத்தவரை அய்யா என்றால் அந்த வாசம்தான். புளியங்கொட்டை போட்டு வைத்திருந்தேன். கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போனேன், பிறகு கண்ணில் படவே இல்லை.

குண்டு விழுந்த பிறகு ஐந்து மாதம் எந்தத் தகவலும் இல்லை. ரங்கூன் அரிசி வருவதும் நின்றுபோனது. சும்மாவே எங்கள் பக்கத்தில் நெல்லுச்சோறு நல்ல நாளுக்குத்தான். அந்த வருஷம் நல்ல நாளுக்கும் கம்பங்கஞ்சிதான், வரகுச்சோறுதான். அத்தை மட்டும் ஒரு மண்கலயத்தில் இரண்டு படி சம்பா அரிசியை வேப்பிலை போட்டு மூடி வைத்திருந்தாள். தம்பி வந்தால் வடிப்பதற்கு. சித்திரையில் கிணற்று வாய்க்கால் ஓரம் பத்துப் பதினைந்து வெண்டை விதையும் ஊன்றினாள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாதபோது எதற்கு மதினி இதெல்லாம் என்று அம்மா கேட்கவில்லை. சாயங்காலம் குளித்த தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் கொண்டுபோய் அந்தச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வருவாள்.

வைகாசி கடைசியில் ஒரு கார்டு வந்தது, யாரோ எழுதிக் கொடுத்தது. மலை தாண்டிக் கால்நடையாக வந்து சேர்ந்துவிட்டதாகவும், அகதி முகாமில் வயிற்றுக்கடுப்பில் கிடப்பதாகவும், நடக்க முடிந்ததும் ரயிலேற்றி விடுவார்கள் என்றும் இருந்தது.

அப்போது பெட்ரோல் கிடையாது. பஸ்ஸுக்குப் பின்னால் பெரிய உருளை ஒன்றை மாட்டி, கரியைப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றுவார்களே, உங்களுக்கு நினைவிருக்கும். விருதுபட்டி ஸ்டேஷனிலிருந்து வந்த அந்தக் கரி பஸ்ஸிலிருந்து ஒருநாள் கண்டக்டர் ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டுப் போனார். நான் யாரோ பிச்சைக்காரர் என்று நினைத்தேன். முழங்கால் முட்டி மட்டும் பெரிதாக, மற்றதெல்லாம் குச்சியாக இருந்தது. கையில் ஒரு தகரக் குவளை. வேறு எதுவும் இல்லை. அத்தை ஓடிப்போய் அந்த உருவத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அம்மா அழவில்லை. கார்டு வந்ததிலிருந்து நாங்கள் தினமும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற மர நிழலிலேயே நின்று ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என்னிடம், "ஓடிப்போயி மாமா வீட்டுல வண்டி கேளு" என்றாள். அய்யாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது.

மறுநாளே அம்மா திருச்சுழிக்கு நடந்துபோய் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரைக் கூட்டிவந்தாள். அவர் சைக்கிளில் வந்தார். அய்யாவின் கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், காலில் விரலை அழுத்தி எடுத்து அந்தக் குழி நிரம்புகிறதா என்று பார்த்தார். பிறகு அம்மாவை வெளியே கூப்பிட்டு வேப்பமரத்தடியில் நின்று ரொம்ப நேரம் பேசினார். அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்ததும் அத்தை கேட்டாள். "என்னத்தா சொன்னாரு?"

"பதினஞ்சு நாளைக்குக் கஞ்சித் தெளிவுதானாம் மதினி. அதுவும் கொஞ்சங் கொஞ்சமா. சோறு சேராதாம்."

"சோறு சேராதா? சோத்துக்குத் தவிச்சுத்தானத்தா எம் பிள்ளை இப்படி ஆகியிருக்கான்!"

"அவுக அப்படித்தான் சொன்னாக."

அம்மா சொன்னது அவ்வளவுதான். அன்றையிலிருந்து நான் குழந்தையாக இருந்தபோது பால் புகட்டிய சங்கைப் பரணிலிருந்து எடுத்துக் கழுவி, அதில் கஞ்சித் தெளிவை ஊற்றி, உப்புக்கல் ஒன்று போட்டு, அய்யாவின் தலையை மடியில் வைத்து ஊட்ட ஆரம்பித்தாள். நாழிகைக்கு ஒரு சங்கு. அதற்கு மேல் ஒரு சொட்டுக் கிடையாது. அய்யா சங்கின் மூக்கைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வார். அம்மா மெதுவாக விடுவித்து எடுத்துவிடுவாள்.

பார்க்க வந்த ஊர்ப் பொம்பளைகள் வாயில் கைவைத்தார்கள். அத்தை அந்த நேரத்தில் வீட்டில் நிற்க மாட்டாள், கொல்லைப்பக்கம் போய்விடுவாள். எனக்கும் அம்மாவின் மேல் கோபம். வந்தவர் அய்யா என்பதையே அப்போதுதான் நம்பத் தொடங்கியிருந்தேன். அவரைப் பட்டினி போடுகிறாளே என்றிருந்தது.

நாலாம் நாளிலிருந்து அய்யா பேச ஆரம்பித்தார். அம்மா பகலில் காட்டில் காய்ந்து நிற்கிற பருத்திமார் பிடுங்கப் போய்விடுவாள். அந்த நேரத்தில் கயிற்றுக் கட்டிலைச் சுற்றி நானும் அத்தையும் இருப்போம்.

அவர்கள் நாலு பேராகப் புறப்பட்டிருக்கிறார்கள். நாலு பேரும் ஒரே ஆலைதான், நம் பக்கத்துக்காரர்கள். ஒருவர் வீரசோழன்காரர், மூட்டை எண்ணுகிறவர். ஒருவர் ரெட்டியபட்டிக்காரர். இன்னொருவர் அருப்புக்கோட்டையில் நெசவுக்காரர் வீட்டுப் பையன், கல்யாணமாகாதவன், தூக்கத்தில் தெலுங்கில் பேசுவானாம். மலை ஏற ஆரம்பித்து மூன்றாம் நாளே கையிலிருந்த அரிசி தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு தழை, மூங்கில் குருத்து, சேற்றுத் தண்ணீர்.

"சாயந்தரம் உக்காந்தமுன்னா எந்திரிக்க முடியாதுக்கா," என்றார் அய்யா. "அப்பத்தான் வீரசோழன்காரர் சொன்னாரு, ஏலே, சும்மா கிடந்தா பயமா இருக்கு, ஆளுக்கு ஒண்ணு சமைப்போம்னு. வாயாலதான். தெக்கத்திச் சாப்பாடு, ஒரே வட்டில்ல நாலு பேரு பங்கும் இருக்கணும். அதுலருந்து நடக்கையிலயும் அதே பேச்சுதான். உப்பு கூடிப்போச்சுன்னு சண்டையெல்லாம் வரும்."

"நீ என்னப்பா சமைச்ச?" என்றாள் அத்தை.

"வெண்டைக்கா வறுவல். நீ வறுப்பியே, அது."

அத்தை முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

"ஆலை மெஸ்ஸுல வெண்டைக்கா போடுவான். கோழையா இழுக்கும். வறுக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் கிடையாது அங்க. இவுக மூணு பேருக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். அறுக்குறதுக்கு முன்ன ஒவ்வொரு காயா ஈரம் போகத் துடைக்கணும். அறுத்தப்புறம் சொளகுல பரப்பி ஒரு வெயில் காட்டணும். எண்ணெ நல்லாக் காஞ்சிருக்கணும். மூடி போட்டுட்டாப் போச்சு. உப்பு கடைசியில. அப்படித்தானக்கா?"

"அப்படித்தான் ராசா."

வீரசோழன்காரர் சமைத்தது மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு. ரெட்டியபட்டிக்காரர் வேறு எதுவும் கேட்கவில்லை, எருமைத்தயிர் மட்டும் போதும், கையில் எடுத்தால் கட்டியாக நிற்க வேண்டும். நெசவுக்காரப் பையனுக்குப் பருப்புப்பொடியும் நெய்யும். சுடுசோற்றில் முதலில் அதைத்தான் பிசைய வேண்டும் என்று அவன் அடம்பிடித்தானாம்.

அந்தப் பையன்தான் முதலில் போனான், பேதியில். ரெட்டியபட்டிக்காரர் ஓர் ஓடையைக் கடக்கும்போது உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீரசோழன்காரர் முகாமுக்கு ஒருநாள் நடைதூரம் வரைக்கும் வந்துவிட்டார். கடைசியாக அவர் அய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ போய்ச் சேர்ந்தால் நாலு பங்கையும் நீயே சாப்பிட்டுவிடு என்று சொன்னாராம்.

இதைச் சொல்லும்போது அய்யா அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, "சாப்புடுறேன்னு சொல்லிட்டேன்க்கா" என்றார்.

அந்த நிமிஷமே அத்தை முடிவு செய்துவிட்டாள் என்று நினைக்கிறேன். வியாழக்கிழமை அம்மா மருந்து வாங்கத் திருச்சுழி போயாக வேண்டும். போய்வர ஐந்தாறு மணி நேரம் ஆகும். இடையில் நாலு நாள் இருந்தது. என் சிறுவயதில் அந்த நாலு நாளைப் போலச் சந்தோஷமான நாட்கள் எனக்கு இல்லை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான். மூன்று பேரும் ரகசியம் பேசினோம். எனக்கும் அதில் வேலை இருந்தது. அம்மா காட்டுக்குப் போனதும் துவரம்பருப்பும் மிளகாய் வற்றலும் வறுத்து அம்மியில் பொடித்தோம். வாசம் போக அடுப்படியில் வேப்பந்தழையைப் புகைத்தோம். கருவாட்டுக்காரி வந்தபோது அத்தை அவளை ஊர் எல்லையிலேயே மறித்து வாங்கி, மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகி வைத்தாள். பக்கத்து வீட்டில் எருமைத்தயிருக்குச் சொல்லி வைத்தது நான்தான். காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம் கிணற்றடிக்குப் போய் எந்தக் காய் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்துவந்து அய்யாவிடம் சொல்லுவேன்.

"நுனிய ஒடிச்சுப் பாரு தாயி. பட்டுன்னு ஒடியணும். வளைஞ்சா முத்தல்."

"பத்துக் காய் ஆயிருக்குய்யா."

"பத்துப் போதாது. நாலு பேருல்ல?"

சங்குக் கஞ்சியைக் குடிக்கும்போது அய்யா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்பதில் எனக்கு அத்தனை பெருமை. உண்மையில் அந்த நாட்களில் அவர் கொஞ்சம் தேறித்தான் இருந்தார். கடுப்பு குறைந்திருந்தது. பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அம்மா ஒருநாள் அவர் காலில் விரலை அழுத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, முதல்முறையாகச் சிரித்தாள். கஞ்சிதான் அவரைத் தேற்றிக்கொண்டிருந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. வரப்போகிற சாப்பாட்டின் நினைப்பே அவரைத் தேற்றுகிறது என்றாள் அத்தை. நானும் அப்படியே நம்பினேன்.

வியாழக்கிழமை வெளுக்கும்போதே அம்மா கிளம்பினாள். கஞ்சியை எடுத்து வைத்து, "நாழிகைக்கு ஒரு சங்கு மதினி, மறந்துராதீக" என்றாள். "நான் பாத்துக்கிருதேன், நீ போ" என்றாள் அத்தை.

அம்மா ரோட்டில் ஏறியதும் நான் கிணற்றடிக்கு ஓடினேன். பாவாடையில் கட்டிக்கொண்டு வந்தேன். சுணை பட்டுக் கையெல்லாம் அரித்தது. அத்தை ஒவ்வொரு காயாக, பச்சைப்பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி துடைத்தாள். சொளகில் பரப்பி முற்றத்து வெயிலில் வைத்தாள். கலயத்து அரிசியைக் கொட்டிக் களைந்தபோது ஒரு புழுகூட இல்லை. உலை கொதிக்கிற சத்தம், கருவாட்டுக் குழம்பு தளதளக்கிற சத்தம், கடலை எண்ணெயில் வெண்டைக்காய் விழுந்து பொரிகிற சத்தம் எல்லாவற்றையும் அய்யா கட்டிலில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னொரு கிண்டு கிண்டுக்கா. கருகிறாம" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். ஓரமெல்லாம் கறுத்துச் சுருண்டு, மொறுமொறுவென்று ஆன பிறகுதான் அத்தை உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி இறக்கினாள்.

சுவரோடு தலையணை வைத்து அவரைச் சாய்த்து உட்கார வைத்தோம். அத்தை கல்யாணச் சீராகக் கொண்டுவந்த வெண்கல வட்டிலை விளக்கி வைத்திருந்தாள். நடுவில் சோறு, அதைச் சுற்றி மற்றது. வெண்டைக்காய் மட்டும் தனியாக ஒரு குவியல்.

அய்யா முதலில் பொடியும் நெய்யும் போட்டுப் பிசைந்தார். "இது பையனுக்கு" என்றார். அடுத்த உருண்டையைக் குழம்பில் புரட்டி, "வீரசோழன்காரருக்கு" என்றார். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் வெண்டைக்காய் இரண்டைப் போட்டு மெல்லுவார். கடக்கென்று நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்கும். அத்தை மறுசோறு வைத்தாள். தயிரைப் போட்டுக் கடைசியாகப் பிசைந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஒரு கவளத்தின் மேல் வெண்டைக்காயை வைத்து என் வாயில் கொடுத்தார். அந்தக் கை என் வாய்க்குச் சோறு கொண்டுவந்தது அந்த ஒரே ஒரு தடவைதான். அவர் நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. காரத்தால் என்று நினைத்தேன்.

வட்டிலில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

அம்மா வந்தபோது வெயில் உச்சி சாயத் தொடங்கியிருந்தது. வாசற்படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றாள். எண்ணெய் வாசம் வீடெங்கும் நிறைந்திருந்தது. கழுவாத வட்டிலைப் பார்த்தாள், கட்டிலில் கிடந்த அய்யாவைப் பார்த்தாள்.

"எவ்வளவு சாப்பிட்டாக?"

"வயிறு நிறையச் சாப்பிட்டான். என் தம்பி எட்டு வருஷத்துக்கப்புறம் இன்னைக்குத்தான் மனுசனாச் சாப்பிட்டான்," என்றாள் அத்தை. அவள் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

அம்மா மருந்துப் புட்டியைக் கீழேகூட வைக்காமல் அப்படியே திரும்பி நடந்தாள். வாசலைத் தாண்டியதும் ஓட ஆரம்பித்தாள்.

"பாத்தியா, புருசன் நாலு வாய் தின்னது பொறுக்கல இவளுக்கு. கோவிச்சுக்கிட்டுப் போறா," என்றாள் அத்தை. எதிர்வீட்டுப் பொம்பளையும் அதைப் பார்த்தாள். ஊரே அப்படித்தான் பேசியது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் திரும்பவும் திருச்சுழிக்கு ஓடியிருக்கிறாள். கம்பவுண்டர் காலரா ஊசி போட வேறு ஊருக்குப் போய்விட்டார். அங்கிருந்த ஆளிடம், ரொம்ப முடியவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது அய்யாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. அம்மா அவர் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கோவிச்சுக்கிறாத," என்றார் அய்யா, விட்டுவிட்டு. "நாலு பேரு பசியும் தீந்துபோச்சு."

"நான் எதுக்குக் கோவிக்கப்போறேன்," என்றாள் அம்மா.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் போய்விட்டார்.

மூன்றாம் நாள் கம்பவுண்டர் சைக்கிளில் வந்தார். துக்க வீடென்று தெரிந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மா எழுந்து வெளியே போனாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். அத்தை உள்ளே சுவரோரம் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள், பேசுவது அவளுக்குக் கேட்கும்.

"வியாழக்கிழமை மருந்து வாங்க வந்தப்ப தேறி வந்தாருன்னுதானேம்மா சொன்னீங்க? சோறு கீறு ஏதாச்சும் குடுத்தீங்களா?"

அய்யா எவ்வளவு ஆசையாகச் சாப்பிட்டார் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் தோளைப் பிடித்தது. நகம் தோலுக்குள் இறங்கியது.

"இல்லங்க. நீங்க சொன்ன கஞ்சிதான் குடுத்தேன். வேற ஒண்ணும் குடுக்கல."

அவர் அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கஞ்சியில இப்படி ஆகாதேம்மா" என்று முணுமுணுத்துவிட்டு சைக்கிளைத் திருப்பினார்.

உள்ளேயிருந்து அத்தை அலறினாள். "கேட்டீகளா, அவ வாயாலேயே சொல்லிட்டா! கஞ்சிய ஊத்தி ஊத்தியே எம் பிள்ளையக் கொன்னுட்டா! நான் ஆக்கிப்போட்ட அந்த ஒருவேளைச் சோறுதான் அவன் தின்ன சோறு!"

அன்றையிலிருந்து ஊரில் அம்மாவுக்குக் கஞ்சிக்காரி என்று பெயர். கிணற்றடியில் அவள் வந்தால் மற்றவர்கள் தள்ளி நிற்பார்கள். பள்ளிக்கூடத்தில் நான் கஞ்சிக்காரி மகள். அவள் யாரிடமும் எதிர்த்துப் பேசவில்லை. எனக்குக் கல்யாணம் பேசி முடித்த அன்றைக்கு, ஏதோ ஒரு சின்னப் பேச்சில் நானே அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன்: "எங்க அய்யாவப் பட்டினி போட்டுக் கொன்னவதான நீ." அம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சலித்து முடித்துவிட்டுத்தான் எழுந்து போனாள்.

எனக்கு நாற்பது வயது நடக்கும்போது என் வீட்டுக்காரருக்கு மதுரையில் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. முன்னும் பின்னுமாகப் பல நாள் ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தார். பிறகு கரண்டி கரண்டியாகக் கஞ்சி கொடுத்தார்கள். கொஞ்சம் கூடக் கொடுத்தால் என்ன என்று நர்ஸம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

"ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரே நேரத்துல நிறையக் குடுக்கக் கூடாதும்மா," என்றாள் அந்தப் பெண். "இதயம் தாங்காது, நின்னு போயிரும். யுத்த காலத்துல பர்மாவுல இருந்து நடந்து வந்தவங்கள்ல சில பேரு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத்தான் செத்தாங்கன்னு எங்க பெரிய டாக்டர் சொல்லுவாரு."

நான் வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். மூக்கில் அந்த எண்ணெய் வாசம் வந்தது. அந்தக் காய்களைப் பறித்தவள் நான்.

வீட்டுக்காரர் வீடு திரும்பியதும் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனேன். அம்மா கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அறுபது தாண்டியிருந்தது. அத்தைக்கு எழுபதுக்கு மேல், கண் தெரியாது. உள்ளே படுக்கையில்தான் இருந்தாள். அவளைக் குளிப்பாட்டுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அம்மாதான்.

"அம்மா, உனக்குத் தெரியும்ல? அய்யா எதனால செத்தாகன்னு உனக்கு அன்னைக்கே தெரியும்ல?"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வீட்டுப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். "மெதுவாப் பேசு. அவுக முழிச்சிருக்காக."

"ஏம்மா சொல்லல? கம்பவுண்டர் கேட்டப்ப ஏம்மா கஞ்சின்னு சொன்ன? ஊரு உன்னைய என்னவெல்லாம் பேசுச்சு! நானே உன்னைய..."

"சொன்னா அவரு அங்கனயே போட்டு உடைச்சிருப்பாரு, சோறுதான் கொன்னுச்சுன்னு. உங்க அத்தை கேட்டுக்கிட்டுல்ல இருந்தாக? தூக்கி வளத்த கையால நாமளே கொன்னுட்டமேன்னு தெரிஞ்சா அன்னைக்கே கிணத்துல விழுந்திருப்பாக. நீயும் பத்து வயசுப் பிள்ளை. நீயும்தான கூட நின்னு ஆக்குன."

அம்மா ஒரு விறகை எடுத்து, வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அதுவும் போக, பழி எனக்கும் உண்டு. கம்பவுண்டரு மரத்தடியில வச்சு என்ன சொன்னாருங்கிற? சோறு போட்டா செத்துப்போவாருன்னு பச்சையாச் சொன்னாரு. நான் உள்ள வந்து சேராதாம்னுதான் சொன்னேன். எட்டு வருசம் கழிச்சு வந்து கிடக்கிற மனுசன் காதுல விழ, சாவுங்கிற சொல்ல எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன். அந்த ஒரு சொல்லச் சொல்லியிருந்தா அவுக அடுப்பே பத்த வச்சிருக்க மாட்டாக."

உள்ளே ஒரு செம்பு உருண்டது. அம்மா விறகைப் போட்டுவிட்டுப் போனாள். நானும் பின்னால் போனேன். அத்தையை எழுப்பி உட்கார வைத்து, குழைத்த சோற்றை ஊட்ட ஆரம்பித்தாள் அம்மா. என் காலடிச் சத்தத்தை அத்தை கண்டுகொண்டாள்.

"யாரு, நீயாத்தா? வந்துட்டியா?" என்று காற்றில் கையை நீட்டினாள். கையைப் பிடித்தேன். எத்தனையோ தடவை சொன்னதை அன்றைக்கும் சொன்னாள். "உங்க அய்யா இருந்திருந்தா இன்னைக்கு உனக்குச் சீரு செனத்தி எல்லாம் எப்படி வந்திருக்கும்! இந்தா ஊட்டுறாளே, இவதான் கஞ்சிய ஊத்தி அவனைக் கொண்டுபோயிட்டா. நான் ஒருநா ஆக்கிப்போட்டேன், எப்படிச் சாப்பிட்டான் தெரியுமா? நீதான் பாத்தியே, நீயே சொல்லு."

அம்மா அடுத்த கவளத்தை விரலால் மசித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஆமா அத்தை," என்றேன். "வட்டில்ல ஒரு பருக்கை மிச்சம் வைக்கல."

அத்தை சிரித்தபடி வாயைத் திறந்தாள். அம்மா ஊட்டினாள்.